பின்னால் ஓடி வந்தவர்கள்

ஹோசூரில் சக்கரத்துக்குப் பஞ்சமே இல்லை. டி.வி.எஸ். 50 என்னும் சின்னஞ்சிறு மோட்டார் வண்டி 1980-ஆம் ஆண்டு இந்த ஊர்த் தொழிற்சாலையிலிருந்துதான் புறப்பட்டுத் தேசமெங்கும் ஓடிற்று. லாரியும் இங்கே தயாராகிறது. மோட்டார் சைக்கிளும் இங்கே தயாராகிறது. கிருஷ்ணகிரி ஜில்லாவைச் சேர்ந்த போச்சம்பள்ளிக்கு அருகே 2021-இல் மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலை ஒன்று எழும்பியபோது, அதில் வேலை செய்கிறவர்கள் அனைவரும் பெண்களாகவே இருப்பார்கள் என்று அதன் சொந்தக்காரர்கள் அறிவித்தார்கள். காலையிலும் மாலையிலும் ‘ஷிப்டு’ மாறுகிற நேரத்தில் சிப்காட் வாசலில் நின்று பார்த்தால், மனித சமூகம் கால்களைக் கொண்டு நடப்பதையே மறந்துவிட்டதோ என்று தோன்றும்.

இப்படிப்பட்ட சீமையில், சென்ற வருஷம் எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு காட்சியைக் கண்டேன். பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சர்க்காரின் இலவச சைக்கிள் வழங்கும் நாள். புத்தம் புதிய வண்டிகள் வரிசையாக நின்றன. பெரிய மனிதர்கள் வந்தார்கள், பேசினார்கள், போனார்கள். பையன்கள் வண்டி கைக்கு வந்த மறு கணமே மணியை அடித்துக்கொண்டு பறந்துவிட்டார்கள். பெண்களில் பலரும் அவ்வாறே போனார்கள். ஆனால் பதினான்கு பெண்கள் மாத்திரம் வண்டியைக் கையால் தள்ளிக்கொண்டு வாசலைத் தாண்டினார்கள். அவர்களில் ஒருத்தி தேன்கனிக்கோட்டைச் சாலையில் ஆறு கிலோமீட்டர் போக வேண்டியவள்.

“ஏம்மா, ஏறிப் போகக் கூடாதா?” என்று கேட்டேன்.

“ஓட்டத் தெரியாது, சார்.”

“பிறகு இதை என்ன செய்யப் போகிறாய்?”

“தம்பி ஓட்டுவான், சார்” என்று சொல்லிவிட்டு, கன்றுக்குட்டியை ஓட்டிக்கொண்டு போவது போல அந்த வண்டியை நடத்திக்கொண்டு போனாள்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதற்குக் காரணம் அந்தப் பெண்ணின் பேரில் உண்டான இரக்கம் மட்டுமல்ல. இதே விஷயத்தில் முப்பது வருஷத்துக்கு முன்னால் எங்கள் சொந்த ஜில்லாவில் நடந்த ஓர் அதிசயம் நினைவுக்கு வந்துவிட்டது. நான் புதுக்கோட்டை ஜில்லாக்காரன். 1992-இல் எனக்குப் பன்னிரண்டு வயது. அந்த வருஷத்தில் எங்கள் ஊர்ப் பக்கம் பெண்களுக்கு வண்டியை மட்டும் கொடுத்து அனுப்பிவிடவில்லை. வண்டிக்குப் பின்னால் ஓடி வருவதற்கு ஆட்களும் இருந்தார்கள். அவர்களைப் பற்றித்தான் இங்கே எழுதப் போகிறேன்.

புதுக்கோட்டை 1948 வரையில் தொண்டைமான்களின் தனிச் சமஸ்தானமாக இருந்த பூமி. ஆற்றுப் பாசனத்தை அதிகம் அறியாத, கண்மாயையும் மழையையும் நம்பிய சீமை. குடுமியான்மலையின் சங்கீதக் கல்வெட்டைப் பார்க்க வெளியூர்ப் பண்டிதர்கள் வருவார்கள். அந்த மலைப் பக்கத்திலேயே வெயிலில் உட்கார்ந்து கல் உடைத்துக்கொண்டிருக்கும் பெண்களைப் பார்க்க யாரும் வருவதில்லை. ஆண்கள் மட்டும் படித்துவந்த மகாராஜா கல்லூரியில் இடம் பெற்றுப் படித்து, பின்னால் டாக்டராகப் புகழ் பெற்ற முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் பிறந்ததும் இந்த ஊர்தான். ஆகையால் பெண்கள் தடை தாண்டுவது எங்கள் ஜில்லாவுக்குப் புதிது என்று யாரும் சொல்ல முடியாது. ஆயினும் ஒருவர் தாண்டுவது வேறு, ஊரே தாண்டுவது வேறு அல்லவா?

1988-இல் இந்திய சர்க்கார் தேசிய எழுத்தறிவு இயக்கத்தைத் தொடங்கினார்கள். கேரளத்தின் எர்ணாகுளம் ஜில்லா 1990-இல் எழுத்தறிவு பெற்ற ஜில்லா என்று அறிவிக்கப்பட்டது. அந்தக் காற்று தமிழ்நாட்டுக்கும் வந்தது. புதுக்கோட்டையில் 1991-இல் அறிவொளி இயக்கம் ஆரம்பமாயிற்று. அப்போது ஜில்லா கலெக்டராக இருந்தவர் ஸ்ரீமதி ஷீலா ராணி சுங்கத். கலெக்டர் ஒரு பக்கம். மறு பக்கம் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தைச் சேர்ந்த அன்பர்கள். இருவருக்கும் நடுவே ஆயிரக்கணக்கான தொண்டர்கள்: உபாத்தியாயர்கள், வேலை தேடிக்கொண்டிருந்த வாலிபர்கள், பள்ளிப் படிப்பை முடித்து வீட்டில் இருந்த பெண்கள். பகலெல்லாம் வயலிலும் கல் குவாரியிலும் உழைத்துவிட்டு வரும் ஜனங்களுக்கு, இரவு நேரத்தில் விளக்கு வைத்துக்கொண்டு எழுத்துச் சொல்லிக் கொடுப்பது அவர்களுடைய வேலை. சம்பளம் கிடையாது.

இதில் சைக்கிள் எங்கிருந்து வந்தது என்று நேயர்கள் கேட்கலாம். தேவையிலிருந்துதான் வந்தது. இயக்கத்தின் பெண் தொண்டர்கள் குடியிருப்புக்குக் குடியிருப்பு போய்வர வேண்டும். பஸ்ஸோ காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. இரவு எட்டு மணிக்கு வகுப்பை முடித்துவிட்டு ஒரு பெண் எப்படித் திரும்பி வருவாள்? அண்ணனையோ அப்பாவையோ எதிர்பார்த்தால் வகுப்பு நடந்தாற்போலத்தான்! எனவே, முதலில் தொண்டர்கள் கற்றுக்கொண்டார்கள். அவர்களைப் பார்த்து, அவர்களிடம் எழுத்துக் கற்ற பெண்களும் “எங்களுக்கும் சொல்லிக் கொடு” என்று கேட்டார்கள். கலெக்டர் அம்மையார் இதன் முக்கியத்துவத்தைக் கண்டு, சைக்கிள் விடுவதையே எழுத்தறிவு வேலையின் ஓர் அங்கமாக்கிவிட்டார். வண்டி வாங்கப் பெண்களுக்குக் கடன் கொடுக்கும்படி பாங்கிகளை நெருக்கினார். ஒவ்வொரு ஒன்றியமும் இந்தக் காரியத்தில் என்ன செய்ய வேண்டும் என்று பங்கு பிரித்துக் கொடுத்தார். இயக்கத் தொண்டர் முத்து பாஸ்கரன் சைக்கிள் கற்கும்படி தங்கையை அழைக்கும் ஒரு பாட்டை எழுதினார். அந்தப் பாட்டைப் பாடாத வாய் அப்போது எங்கள் பக்கத்தில் இல்லை. எனக்கு மெட்டு இன்றும் மறக்கவில்லை. குரல்தான் அதற்கு ஒத்துழைப்பதில்லை.

எங்கள் ஊருக்கு வந்த அறிவொளி அக்காளுக்கு இருபது வயதுக்கு மேல் இராது. மெல்லிய தேகம். ஆனால் குரல் வெங்கலம். சனி, ஞாயிறு மாலைகளில் கண்மாய்க் கரைக்குக் கீழே, தண்ணீர் வற்றிய தரையில் பழகுவது என்று ஏற்பாடு. வண்டிகள் எல்லாம் வாடகைக் கடையிலிருந்து மணிக் கணக்குக்கு எடுத்து வந்தவை. ‘லேடீஸ்’ வண்டிக்கு எங்கே போவது? குறுக்குக் கம்பி உள்ள, ஆண்கள் ஓட்டும் கனத்த வண்டிகள்தாம். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, அந்தக் கம்பியைத் தாண்டி ஏறுவது என்றால் அது சாமான்ய காரியமா? பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துச் சிரித்தே முதல் வாரம் போய்விட்டது.

பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடுவதற்கு அக்காள் ஒருத்தி போதவில்லை. ஆகவே ஊரிலிருந்த பொடியன்களை எல்லாம் தொண்டர் படையில் சேர்த்துக்கொண்டாள். அவ்விதமாகத்தான் நானும் சேர்ந்தேன். இதில் எனக்குச் சேவை மனப்பான்மை இருந்தது என்று சொன்னால் அது பொய். வாடகை மணி முடிவதற்குள் மிச்சமிருக்கும் ஐந்து நிமிஷத்துக்கு வண்டியை நாங்கள் ஓட்டிக்கொள்ளலாம் என்பது ஒப்பந்தம்.

கேரியர் பிடிப்பது ஒரு வித்தை. இறுகப் பிடித்தால் ஓட்டுகிறவர்களுக்குச் சமநிலை வராது. தளர விட்டால் விழுந்துவிடுவார்கள். எல்லாவற்றையும்விடக் கஷ்டமானது, கையை எடுக்க வேண்டிய சமயத்தைத் தெரிந்துகொள்வது. எடுக்கிறோம் என்று சொல்லவும் கூடாது. சொன்னால் பயந்து விழுவார்கள். “பிடிச்சிருக்கேன், பிடிச்சிருக்கேன்” என்று சத்தம் போட்டுக்கொண்டே கையை எடுத்துவிட்டு, சத்தம் விலகிப் போனது தெரியாதபடி பின்னாலேயே ஓட வேண்டும். சத்தியசந்தனான அரிச்சந்திரன் சைக்கிள் சொல்லிக் கொடுக்க லாயக்குப்படமாட்டான்.

நான் பிடித்த வண்டியில் மூன்றாம் வாரம் என் தாயாரே ஏறினாள். அவளுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது.

“டேய், பிடிச்சிருக்கியாடா?”

“பிடிச்சிருக்கேம்மா.”

“விட்டுறாதே, சாமி!”

“விடலேம்மா!”

விட்டுவிட்டு இருபது அடி தூரம் ஆகிவிட்டது. அம்மா போய்க்கொண்டே இருந்தாள். எதிரே ஒரு கருவேலம் புதர். திருப்புவது எப்படி என்று இன்னும் யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. நேரே அதற்குள் போய்ப் புகுந்தாள். முள்ளை எடுத்துக்கொண்டே என்னை அவள் திட்டிய திட்டை அச்சில் போட முடியாது. ஆனால் திட்டி முடித்ததும், “எவ்வளவு தூரம்டா தனியாப் போனேன்?” என்று கேட்டாள். அளந்து பார்த்துச் சொன்னேன். மறு நாள் விடியுமுன்பே எழுப்பிவிட்டாள்.

டீக்கடைப் பெஞ்சு சும்மா இருக்குமா? பொம்பளை சைக்கிள் விட்டால் மழை பெய்யாது என்றார் ஒருவர். இதைவிடக் கேவலமாகப் பேசியவர்களும் உண்டு. பத்திரிகையில் எழுதத் தக்கவை அல்ல. அறிவொளி அக்காள் இதற்குச் செய்த உபாயம் எளியது. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவருடைய பெண்சாதிக்கே அடுத்த வாரம் சொல்லிக் கொடுத்தாள். பிறகு அந்த மனிதர் வேறு டீக்கடைக்குப் போகத் தொடங்கினார்.

பத்திரிகையாளர் பி. சாய்நாத் தொண்ணூறுகளின் முற்பகுதியில் எங்கள் ஜில்லாவுக்கு வந்து இதையெல்லாம் நேரில் பார்த்து எழுதினார். ஒன்றரை வருஷத்துக்குள் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கிராமப் பெண்கள் சைக்கிள் ஓட்டத் தொடங்கினார்கள் என்பது அவர் தரும் கணக்கு. பத்து வயதுக்கு உட்பட்ட சிறுமிகளை நீக்கிவிட்டுப் பார்த்தால், ஜில்லாவின் கிராமப் பெண்களில் நாலில் ஒருவருக்கு மேல்! 70,000-க்கும் அதிகமான பெண்கள் பலர் அறியப் போட்டிகளில் ஓட்டிக் காட்டினார்கள். 1992-ஆம் ஆண்டு சர்வதேச மகளிர் தினத்தையொட்டி 1,500-க்கு மேற்பட்ட பெண்கள் வண்டியில் கொடி கட்டி மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டை நகருக்குள் நுழைந்தபோது நகரமே திகைத்து நின்றுவிட்டது. கடைகளில் ‘லேடீஸ்’ வண்டி கிடைக்காமல் போயிற்று. கிடைக்காத குறையை ஆண்கள் வண்டியால் தீர்த்துக்கொண்ட சிலர், பிறகு அதையே விரும்பினார்கள். முன் கம்பியில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ள வசதியாக இருந்ததாம். இயக்கத்தின் பெண் தொண்டர்களுக்கென்று யுனிசெப் ஸ்தாபனம் ஐம்பது மொபெட்டுகள் அளித்தது. சாய்நாத்தின் கட்டுரை 1996-இல் வெளியான அவருடைய புத்தகத்தில் இடம் பெற்றது. அது ஹிந்தியில் பெயர்க்கப்பட்டு, வடநாட்டுப் பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்பில் பாடமாகவும் இருந்தது. எங்கள் கண்மாய்க் கரை காரியத்தை எங்கோ பாட்னாவில் ஒரு பிள்ளை மனப்பாடம் செய்திருக்கிறான் என்று நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது.

அதே 1996-இல் ஷீலா ராணி சுங்கத்தும் பொருளாதாரப் பேராசிரியர் வெங்கடேஷ் ஆத்ரேயாவும் சேர்ந்து அறிவொளி அனுபவத்தைப் புத்தகமாக எழுதினார்கள். இந்தப் பெயர்களெல்லாம் சரித்திரத்தில் நிற்கும்; நிற்க வேண்டியதுதான். ஆனால் மணிக்கு ஒரு ரூபாய் வாடகையில் பாதியைத் தள்ளிக் கொடுத்து, உடைந்த பெடலுக்குக் காசு கேட்காமல் இருந்த எங்கள் ஊர் சைக்கிள் கடை பாய் எந்தப் புத்தகத்தில் வருவார்? பெண்களின் கூச்சம் தெளியட்டும் என்று மாலை வேளையில் பள்ளிக்கூட மைதானத்தைத் திறந்துவிட்டு, தாம் அந்தப் பக்கம் தலைகாட்டாமலே இருந்த தலைமை உபாத்தியாயர்? ஒரு மாலையில் எட்டு மைலாவது ஓடியிருக்கக்கூடிய அந்த அக்காள்? வருஷம் முடிந்ததும் அவள் கலியாணமாகி மணப்பாறைப் பக்கம் போய்விட்டாள். அத்துடன் எங்கள் ஊர் இரவு வகுப்பும் நின்றது. எழுத்தைக் கற்ற சிலர் பழக்கம் விட்டுப் போய் மறுபடியும் கைநாட்டுக்குத் திரும்பினார்கள். என் தாயாரும் அவர்களில் ஒருத்தி என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சைக்கிள் விட்டவர்கள் மறக்கவில்லை. அது மறக்கக்கூடிய வித்தையும் அல்ல. அம்மா அறுபது வயது வரையில் சந்தைக்கும் ரேஷன் கடைக்கும் அதில்தான் போனாள்.

இனி, எதிர்க் கட்சியையும் சொல்லிவிடுகிறேன். ஆள் வேண்டும், தொண்டர் வேண்டும் என்பதெல்லாம் வீண் பேச்சு, வண்டியைக் கொடுத்துவிட்டால் போதும் என்பார் உண்டு. அவர்கள் கையிலும் ஆதாரம் இருக்கிறது. நம் தமிழ்நாட்டில் இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கி, பிறகு படிப்படியாக மற்றப் பிள்ளைகளுக்கும் விஸ்தரித்தார்கள். 2006-இல் பீகார் சர்க்கார் ஒன்பதாம் வகுப்பில் சேரும் பெண்களுக்கு சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தார்கள். அதன் பலனைக் கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்னும் இரு பொருளாதார நிபுணர்கள் பக்கத்து ராஜ்யமான ஜார்க்கண்டோடு ஒப்பிட்டு ஆராய்ந்து 2017-இல் வெளியிட்டார்கள். உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் விகிதம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உயர்ந்ததாம். பள்ளிக்கூடம் 3 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த கிராமங்களில்தான் பலன் அதிகம். அங்கே கேரியர் பிடிக்க எந்தக் கலெக்டரும் ஆள் அனுப்பவில்லை.

இதைப் படித்தபோது என் கட்சி தோற்றுவிட்டதோ என்று சற்றுக் கலங்கினேன். ஆனால் அவர்களே ஒரு காரணம் சொல்கிறார்கள். ஊரில் ஒரே சமயத்தில் பல பெண்களுக்கு வண்டி கிடைத்தது. அவர்கள் கூட்டமாகப் போனார்கள். கூட்டமாகப் போகிறவர்களைப் பற்றிப் பெற்றோருக்குப் பயமில்லை, ஊருக்கும் பேச வாயில்லை. தனியாக ஒரு சைக்கிள் கொடுத்திருந்தால் இந்தப் பலன் இராது. எங்கள் ஊரில் அக்காளும் நாங்களும் செய்த வேலையை அங்கே ஒருத்திக்கு மற்றொருத்தி செய்துகொண்டாள் என்றே இதை நான் வைத்துக்கொள்கிறேன்.

எல்லைக்கு அப்பால் பெங்களூரிலும் சைக்கிளுக்காக வாதாடும் சங்கங்கள் இருக்கின்றன. ஆம்ஸ்டர்டாம் நகரத்து ஸ்தாபனம் ஒன்று ஊருக்கு ஒரு ‘சைக்கிள் மேயர்’ என்று நியமித்து வருகிறது. பெங்களூரில் அந்தப் பட்டத்தைப் பெற்றவர் சத்யா சங்கரன். ஆபீஸுக்கு சைக்கிளில் போங்கள், சாலையில் தனித் தடம் விடுங்கள் என்று அவர்கள் கேட்கிறார்கள். நியாயந்தான். மோட்டார் வைத்திருப்பவரை அதிலிருந்து இறங்கி சைக்கிளில் ஏறச் சொல்வது அவர்கள் வேலை. ஜூஜுவாடிக்கு இந்தப் பக்கம், தரையில் நிற்பவளை ஏறச் சொல்வது எங்கள் வேலை.

‘எங்கள்’ என்றேன். அது பெரிய ஸ்தாபனம் ஒன்றுமில்லை. பெயர்ப் பலகையும் கிடையாது, ரசீதுப் புத்தகமும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பள்ளிக்கூட மைதானத்தில் நாங்கள் ஐந்து பேர்: நான், எங்கள் தேகப்பயிற்சி ஆசிரியை, சிப்காட் தொழிற்சாலையில் ‘பிட்டர்’ வேலை பார்க்கும் என் பழைய மாணவன், பஸ் நிலையத்துக்குப் பின்னால் பஞ்சர் ஒட்டும் பெரியவர், அவருடைய பேத்தி. இந்தப் பேத்திதான் எங்களுக்குள் கெட்டிக்காரி. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் “பிடிச்சிருக்கேன்” என்று பொய் சொல்வாள். எனக்கு முழங்கால் முன்போல் ஒத்துக்கொள்வதில்லை. இருபது கஜம் ஓடினால் அரச மரத்தடியில் உட்கார வேண்டியிருக்கிறது.

மைதானத்தில் கற்றுக்கொடுப்பது சுலபம். மைதானத்துக்கு வெளியேதான் ஹோசூர் ஆரம்பமாகிறது. 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் இரவு பகல் ஓய்வதில்லை. ஓரச் சாலையிலோ எதிர்த் திசையிலிருந்து மோட்டார் சைக்கிள்கள் வரும். அதைத் தவிர்த்துக் கிராமத்துப் பாதையில் போனால் வேறொரு விருந்தாளி. ராகி விளையும் பருவத்தில், பன்னேர்கட்டாக் காட்டிலிருந்து ஜவளகிரி வழியாக யானைக் கூட்டங்கள் இறங்கித் தேன்கனிக்கோட்டை, சானமாவுப் பக்கமெல்லாம் திரியும். விடியற்காலையும் அந்தியும் அவற்றின் நேரம். பிள்ளைகள் பள்ளிக்குப் போய்வருகிற நேரமும் அதுதான்.

சென்ற வருஷம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போன பதினான்கு பேரில் ஒன்பது பேர் இப்போது ஏறி வருகிறார்கள். நாலு பேர் மைதானத்தில் ஓட்டுவார்கள், சாலைக்கு வரமாட்டார்கள். பதினான்காவது, அந்தத் தேன்கனிக்கோட்டைச் சாலைப் பெண். மூன்றே ஞாயிற்றுக்கிழமையில் கற்றுக்கொண்டாள், புதரில் விழவுமில்லை. பிறகு தை மாதத்தில் பள்ளிக்கே வரவில்லை. மாலை விசேஷ வகுப்பு முடிந்தால் பஸ் கிடையாது என்று நிறுத்திவிட்டார்கள். வீட்டில் வேறு பேச்சும் அடிபடுவதாகக் கேள்வி. இந்த ஜில்லாவில் பதினேழு வயதுப் பெண் பள்ளியை விட்டு நின்றாள் என்றால் அது என்ன பேச்சாக இருக்கும் என்று இங்கே உள்ளவர்களுக்குத் தெரியும்.

தேகப்பயிற்சி ஆசிரியையும் நானும் அவள் வீட்டுக்குப் போனோம். தகப்பனார் நல்ல மனிதர். ராகிக் களத்திலிருந்து எழுந்து வந்து, எங்களைக் கட்டிலில் உட்கார வைத்து, மோர் கொடுத்தார். கலியாணப் பேச்சைப் பற்றி ஆசிரியை நேராகவே கேட்டாள். வயது வருவதற்குள் செய்வது குற்றம், அப்படி நடந்தால் நாங்கள் சும்மா இருக்க முடியாது என்பதையும் சொன்னாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

“சார், பொண்ணு படிக்கறது எனக்கு வேண்டாம்னா இருக்கு? ஆறு மணிக்கு மேலே அந்தத் தோப்புக்கிட்ட யானை நிக்குது. என் பொண்ணு ஒருத்தியா வந்தா யாரு பதில் சொல்றது?”

“ஒருத்தியாக வராவிட்டால்?” என்று கேட்டேன்.

அவர் சற்று நேரம் யோசித்தார். “நாலு பேராச் சேர்ந்து வரட்டும். அனுப்பறேன்” என்றார்.

அந்தப் பாதையில் எங்களிடம் கற்றுத் தேறியவள் இன்னொருத்தி இருக்கிறாள். ஆக இரண்டு பேர். பக்கத்து ஊரில் பத்தாம் வகுப்பு முடித்த பெண் ஒருத்திக்கு ஓட்டத் தெரியும், வண்டி இல்லை. பஞ்சர்க் கடைப் பெரியவர் பழைய வண்டி ஒன்றைச் சீர்ப்படுத்திக்கொண்டிருக்கிறார். நாலாவது பெண்ணிடம் வண்டி இருக்கிறது. அதை அவள் தம்பி ஓட்டுகிறான். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு இருவரையும் மைதானத்துக்கு வரச் சொல்லியிருக்கிறேன். தம்பிதான் கேரியர் பிடிக்க வேண்டும் என்று ஏற்பாடு.